யோனாவின் எரிச்சல்

வணக்கம் ஐயா,
ஆராதனையில் தன் வழக்கமான இடத்தில் யாரோ உட்கார்ந்துவிட்டார் என்று கொதிக்கும் மூப்பரைப் பற்றிய உங்கள் கதையை வாசித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் மனசு கஷ்டமாகிவிட்டது. விசுவாசிகளின் குறையை எல்லோர் முன்னாலும் வைத்துச் சிரிக்க வேண்டுமா? தனியே அழைத்து அன்பாகச் சொல்லக் கூடாதா?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தனியே சொன்னால் கேட்கிற குறைகளைத் தனியேதான் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கோபம் வசனத்தோடு வருகிறது. பக்தி வைராக்கியம் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு வசனம் சொன்னால் பதிலுக்கு இரண்டு வரும். அந்த மூப்பரை நான் வெளியே தேடவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, ஒரு வரியும் பாடாமல், அதே எரிச்சலோடு நானும் நின்றிருக்கிறேன்.

யோனா நாலாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். அழியும் என்று தான் எச்சரித்த நினிவே நகரம் மனந்திரும்பி, அழியாமல் தப்பிவிட்டது என்று தீர்க்கதரிசி யோனாவுக்குக் கோபம். நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு, என்ன ஆகிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். நிழல் தந்த ஆமணக்கைப் பூச்சி அரித்து அது காய்ந்துபோனதும், செத்தால் போதும் என்கிறார். "நீ ஆமணக்கினிமித்தம் எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று தேவன் கேட்கிறார். "நான் மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான்" என்கிறார் யோனா. ஒரு செடிக்காக! 1,20,000 பேருக்கு மேல் வாழும் நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்ற தேவனின் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்று அதில் இல்லை. தீர்க்கதரிசியையே இப்படி நிறுத்திக் காட்டுகிறது வேதம்.

கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று இயேசு சொன்னதும் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களைப் பார்த்துத்தான்.

நீங்கள் கேட்டதை 1656இல் பிரான்ஸில் பாஸ்கல் என்ற கிறிஸ்தவச் சிந்தனையாளரிடமும் கேட்டார்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினரின் ஒழுக்கப் போதனையைக் கேலி செய்து அவர் கடிதங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்த நேரம். பரிசுத்தமானதைப் பரிகாசம் செய்கிறாய் என்றார்கள். பதினோராம் கடிதத்தில் பதில் எழுதினார்: மதத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு, அதைக் கெடுப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு. கண்டிக்கப்படுகிறவரின் இரட்சிப்பை மனதார விரும்ப வேண்டும், அவருக்காக ஜெபிக்கவும் வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

எனக்குக் கஷ்டமாக இருப்பது அந்த நிபந்தனைதான். கதையை முதலில் எழுதியபோது மூப்பர் மேல் வெறுப்பு இருந்தது. வெறுப்பு தெரிந்த இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இன்னும் எங்காவது அது மிச்சம் இருந்தால், எந்த வரியில் என்று எழுதுங்கள்.