சும்மா சும்மா அதிரும் போன்: ரீசெட் போட்டால் பஞ்சு போகுமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் சாம்சங் போன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பத்து நாளாக எந்தக் காரணமும் இல்லாமல் 'டர்ர்' என்று அதிர்கிறது. எடுத்துப் பார்த்தால் புது மெசேஜும் இல்லை, மிஸ்டு காலும் இல்லை. வகுப்பில் மேஜை மேல் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போல அதிர்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ராத்திரி சார்ஜ் போட்டால் இன்னும் மோசம், கணக்கே இல்லை. கடையில் காட்டினேன். "ரீசெட் போட்டுடலாம் மேடம், ஆனா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்" என்றார்கள். போட்டுவிடலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். உங்கள் கேள்வியிலேயே இரண்டு விஷயம் இருக்கிறது. பகலில் ஐந்து நிமிடக் கணக்கு. ராத்திரியில் கணக்கே இல்லை. ஒரே கோளாறு இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வது அபூர்வம். தனித்தனியான இரண்டு காரணங்கள் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லா அதிர்வையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் "இன்னும் போகலையே" என்றுதான் இருக்கும்.

முதலில் பகல் அதிர்வு. கடிகாரம் பார்த்த மாதிரி சீரான இடைவெளியில் வருகிறது என்றால், யாரோ எங்கோ அப்படி நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாம்சங் போன்களில் 'நோட்டிஃபிகேஷன் ரிமைண்டர்' என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் பார்க்காமல் விட்ட பழைய நோட்டிஃபிகேஷன் ஒன்று மேலே உட்கார்ந்திருந்தால், அதைப் பார்க்கும்வரை சில நிமிடத்துக்கு ஒரு தரம் போன் தட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக எதுவும் வந்திருக்காது. காலையில் வந்த மின்வாரியக் குறுஞ்செய்திக்காகக்கூட மத்தியானம் வரை அதிரும். செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடும் பெட்டியில் 'ரிமைண்டர்' என்று அடித்தாலே அது வந்துவிடும். மாடலுக்கு மாடல் இடம் மாறுவதால் வழி சொல்வதைவிட இதுவே சுலபம். ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். நாம் ஆன் செய்த ஞாபகமே இருக்காது. வீட்டுப் பிள்ளைகள் கையில் போன் போய்வந்தால் இதெல்லாம் நடக்கும்.

அது ஏற்கனவே ஆஃபில்தான் இருக்கிறதா? அப்போது 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' உதவும். ஆண்ட்ராய்டு 11 முதல், அதாவது 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் 'ஹிஸ்டரி' என்று அடித்து ஆன் செய்துவிடுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு என்ன அனுப்பியது, வந்த வேகத்தில் மறைந்தது உட்பட, வரிசையாக இருக்கும். ஆன் செய்த பிறகு வருவதைத்தான் காட்டும் என்பதால் இன்றைக்கே செய்யுங்கள். அப்புறம் ஒரு துண்டுத்தாளில், போன் அதிரும்போதெல்லாம் மணியை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். 10:42, 10:47 என்று ஐந்தாறு கிடைத்தால் போதும். மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நேரத்துக்கு ஏதாவது ஆப்பின் பெயர் இருந்தால் திருடன் அகப்பட்டான். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிவிட்டு உடனே 'எல்லோருக்கும் அழி' கொடுத்தாலும் இப்படித்தான்: அதிர்வு வந்துவிடும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஹிஸ்டரியில் அந்த நேரத்துக்கு எதுவுமே இல்லையென்றால், சந்தேகத்தை போன் பக்கம் திருப்பலாம்.

இனி ராத்திரி அதிர்வு. இதில் எனக்கு அதிகம் சந்தேகம் இல்லை. சார்ஜர் இணைந்ததும் போன் ஒரு தடவை அதிரும், தெரியும்தானே? இணைப்பு விட்டுவிட்டுக் கிடைத்தால் ஒவ்வொரு முறையும் அதிரும். சார்ஜில் இருக்கும் போனின் திரையைப் பாருங்கள். அதிரும்போதெல்லாம் திரையும் தானாக ஒளிர்ந்து, சார்ஜ் சதவீதம் மின்னி மறைந்தால் இதுதான் காரணம். லோ வோல்டேஜ் என்று கரண்டைப் பழிக்க வேண்டாம். பெரும்பாலான சார்ஜர்களில் 100–240 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கும், நம் வீட்டு வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை அவை தாங்கிவிடும். பிளக் பாயிண்ட் லூஸா, கேபிளா, போனில் உள்ள சார்ஜ் ஓட்டையா என்பதுதான் கேள்வி. வேறு ஸ்விட்ச் போர்டில் மாட்டிப் பாருங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்படியும் அதிர்ந்தால் பெரும்பாலும் ஓட்டைதான்.

மூன்று வருடம் கைப்பையிலும் பாக்கெட்டிலும் கிடந்த போனின் சார்ஜ் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? துணிப் பஞ்சு அடியில் போய், கேபிளைச் சொருகச் சொருக இறுகி, கம்பளித் துண்டு மாதிரி ஒட்டியிருக்கும். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூலளவு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதும், சொருகும்போது வர வேண்டிய அந்த 'டக்' வராததும் அதற்கு அடையாளம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியை ஓட்டையின் சுவரோரமாக விட்டு மெல்ல நெம்பி எடுங்கள். டைப்-சி என்றால் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், அதில் மட்டும் படக் கூடாது. ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். வெளியே வரும் பஞ்சின் அளவைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். ரீசெட் போட்டால் இந்தப் பஞ்சு போகுமா, சொல்லுங்கள்! சார்ஜ் அதிர்வை மட்டும் நிறுத்தவும் செட்டிங்ஸில் வழி உண்டு. ஆனால் காரணம் தெரியும்வரை அதைத் தொடாதீர்கள், அது நமக்குத் தடயம்.

இந்த இரண்டிலும் அடங்காதவர்களுக்கு இன்னும் சில.

என் சொந்தக் கதை ஒன்று. போனைத் திறந்து கையில் பிடித்தால் அதிரும், பூட்டி வைத்தால் சாதுவாக இருக்கும். இரண்டு நாள் ஆப் ஆப்பாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால் பேக் கவருக்குள் நானே சொருகி வைத்திருந்த மெட்ரோ கார்டு! என்எஃப்சி என்ற, போனைத் தட்டிப் பணம் கட்ட உதவும் வசதி ஆன் ஆகியிருக்கும் போன், திரை திறந்திருக்கும்போது பக்கத்தில் தட்டிக் கட்டும் வகைக் கார்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும், கிடைத்ததும் அதிரும். கவருக்குள் ஏடிஎம் கார்டு வைப்பவர்கள் முதலில் அதை வெளியே எடுத்துப் பாருங்கள்.

சட்டைப் பையிலோ பேன்ட் பாக்கெட்டிலோ இருக்கும்போது மட்டும் 'டட், டட்' என்று குட்டியாக அதிர்கிறதா? திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சாரில் உடம்பு பட்டு, ரேகை பொருந்தவில்லை என்று போன் அதிர்ந்து சொல்கிறது. தூக்கினால் திரை எரிவது, இரண்டு தட்டில் எரிவது ஆகியவற்றை அணைத்துப் பாருங்கள். பாக்கெட் மோடு இருந்தால் அதைப் போடுங்கள்.

ஒரே ஒரு நீள அதிர்வு, அப்புறம் எடுத்தால் கைரேகையை ஏற்காமல் பின் நம்பர் கேட்கிறது என்றால், போன் தானாக அணைந்து எழுந்திருக்கலாம். 'அபவுட் போன்' பகுதிக்குள் 'அப் டைம்' என்று இருக்கும். போன் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறது என்று அது சொல்லும். நீங்கள் அணைக்காமலே இரண்டு மணி நேரம்தான் காட்டுகிறதா, அப்போது கேள்வியே வேறு. பேட்டரி தளர்ந்திருக்கலாம், பவர் பட்டன் கவரில் அழுந்திக்கொண்டிருக்கலாம். பின்மூடி லேசாக உப்பியிருந்தால் மட்டும் உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஆப் மேல்தான் சந்தேகம், எது என்று தெரியவில்லை என்றால் சேஃப் மோடு. பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும். நீங்கள் இறக்கிய ஆப் எதுவும் அதில் ஓடாது. அரை நாள் அமைதியாக இருந்தால், பிரச்சினை தொடங்கிய நாளையொட்டிப் போட்ட ஆப்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அதிர வைக்கும் அனுமதியை ஆப்கள் நம்மிடம் கேட்பதே இல்லை, இன்ஸ்டால் செய்யும்போதே கிடைத்துவிடும். அதனால் அனுமதிப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

பையில் போனே இல்லாதபோதும் தொடையில் அதிர்ந்த மாதிரி இருப்பது வேறு. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், மருத்துவமனை ஊழியர்களில் 68 சதவீதம் பேர் அந்த மாயை தங்களுக்கு உண்டு என்றார்கள். உங்கள் பிள்ளைகளே கேட்டுச் சிரிப்பதால் உங்களுடையது மாயை இல்லை டீச்சர்.

கடைசியாக ஹார்டுவேர். போனை முழுதாக அணைத்த பிறகும் அதிர்கிறது என்றால் அது மோட்டார் அல்லது அதற்குப் போகும் மின்பாதைதான். பெரும்பாலும் தண்ணீர் பட்ட போன்களில் பார்க்கலாம். அப்போதும் "போர்டே போச்சு" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் வைப்ரேட்டர் மோட்டாரை மட்டும் துண்டித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமலும் போன் ஓடும். ரிங்டோனை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.