பீன்பாட்டுக்குப் போகலாமா? பாஸ்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஆகஸ்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்தீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் பீன்பாட் என்ற கல்லூரிப் பனித்தள ஹாக்கிக் கோப்பையின் 2025 இறுதி ஆட்டத்தில் உங்கள் பல்கலை அணி பாஸ்டன் கல்லூரியை வென்றதைப் பற்றி இன்னும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். உங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வரும் பிப்ரவரியில் உங்களையும் கூப்பிடுகிறார்கள். காசு கொடுத்துப் போக வேண்டுமா, போனால் என்ன தெரிந்திருக்க வேண்டும், குளிர் தாங்குமா, மாணவர் விசாவில் இருப்பவருக்கு வில்லங்கம் ஏதும் உண்டா?

போங்கள். ஆனால் பீன்பாட்டையே முதல் ஆட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் உங்கள் பல்கலையின் அகானிஸ் அரங்கில் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிடுங்கள். அது 6,150 பேர் உட்காரும் இடம். எங்கே உட்கார்ந்தாலும் தளம் பக்கத்தில் இருக்கும். பீன்பாட் நடக்கும் டிடி கார்டன் அரங்கில் 17,000 பேருக்கு மேல் கொள்ளும். விதி தெரியாமல் அங்கே மாடி வரிசையில் உட்கார்ந்தால், இரண்டரை மணி நேரம் கூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

முதலில் ஒரு சொல். இந்த ஊரில் ஹாக்கி என்றால் பனித்தள ஹாக்கிதான். நம் ஊர் ஹாக்கியைச் சொல்ல வேண்டுமானால் ஃபீல்ட் ஹாக்கி என்று தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே அது பெரும்பாலும் பெண்கள் ஆடும் ஆட்டம். "நான் பள்ளியில் ஹாக்கி ஆடியிருக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமையே ஸ்கேட் மாட்டிவிட்டு விடுவார்கள்.

பீன்பாட் என்பது நான்கு கல்லூரிகளின் கோப்பை: பாஸ்டன் பல்கலைக்கழகம், பாஸ்டன் கல்லூரி, ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன். பேச்சில் முதல் இரண்டும் பி.யு., பி.சி. தான். பாஸ்டனில் பீன்ஸ் வேகவைக்கும் பானையே கோப்பையின் பெயரும் வடிவமும். 1952 டிசம்பரில் தொடங்கியது. இப்போது பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகள். முதல் திங்கள் இரண்டு அரையிறுதி; அடுத்த திங்கள் தோற்றவர்களுக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், பிறகு இறுதி. மாலை வகுப்பு திங்களில் விழுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 வரை பி.யு. 32 முறை வென்றிருக்கிறது, பி.சி. 20, ஹார்வர்ட் 11, நார்த்ஈஸ்டர்ன் 9. இதனால்தான் மற்ற மூன்று கல்லூரிக்காரர்களும் இதை பி.யு. தன் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர்களை அழைக்கும் போட்டி என்று கிண்டலடிப்பார்கள். நார்த்ஈஸ்டர்ன் 1988க்குப் பிறகு 30 ஆண்டு காத்திருந்து 2018இல் வென்றது. பிறகு 2024க்குள் இன்னும் நான்கு. அவர்களிடம் பழைய கதை பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

2025 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்றால், ஜனவரி கடைசியில் ஒரே வார இறுதியில் பி.சி. பி.யு.வை இரண்டு முறை தோற்கடித்திருந்தது: 6-2, 2-0. இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 10 அன்று, அதே பி.சி.யை இறுதியில் பி.யு. 4-1 என்று வென்றது. தொடரின் சிறந்த வீரர் முதலாண்டு மாணவரான கோல் ஹட்சன். அது அவர் பெயர், அடித்த கோல் அல்ல. தமிழில் எழுதும்போது இந்தச் சங்கடம் தவிர்க்க முடியாதது. ஆள் தடுப்பாட்டக்காரர் வேறு. வலையைக் காத்தவர் மிகைல் எகோரோவ், பருவத்தின் நடுவில்தான் அணிக்கு வந்தவர். ஆய்வகத்தில் நடக்கும் வாக்குவாதத்தின் உட்பொருள் இதுதான்: ஒரே இரவு ஆட்டத்தில் கோல்கீப்பர் நிலைத்து நின்றால், காகிதத்தில் பெரிய அணியும் சரியும். பி.சி.காரர் "அது ஒரு நாள் கூத்து" என்பார். பி.யு.காரர் "கோப்பையை ஒரு நாளில்தானே கொடுக்கிறார்கள்" என்பார். இரண்டுமே சரி.

ஆனால் நீங்கள் பி.யு. என்பதற்காக 32ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் அடி வாங்குவீர்கள். தேசியப் பட்டம் இரு பக்கமும் ஐந்தைந்து. பி.யு.: 1971, 1972, 1978, 1995, 2009. பி.சி.: 1949, 2001, 2008, 2010, 2012. கடைசி நான்கும் ஜெர்ரி யார்க் பயிற்சியில் வந்தவை. அந்த 12 ஆண்டுகளைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 2024 மார்ச்சில் ஹாக்கி ஈஸ்ட் லீக் இறுதியிலும் பி.சி. பி.யு.வை 6-2 என்று வென்றது. பி.யு. பக்கத்தில் எடுத்துப்போட வேண்டிய சீட்டு 1978. தேசிய இறுதியில் பி.சி.யையே 5-3 என்று வென்ற ஆண்டு அது. அந்த அணியின் ஜிம் கிரெய்க்தான் 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்ற அமெரிக்க அணிக்கு வலை காத்தார். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 2025 ஏப்ரலில் தேசிய இறுதிவரை போன பி.யு. வெஸ்டர்ன் மிச்சிகனிடம் 6-2 என்று தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு பி.சி. டென்வரிடம் 2-0. ஆக யாருக்கும் நெஞ்சை ரொம்ப நிமிர்த்த வழியில்லை. இரண்டு கல்லூரியும் ஒரே காமன்வெல்த் அவென்யூவில், கிரீன் லைன் டிராமின் ஒரே பி தடத்தில் இருப்பதால் தினமும் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறது. பகை ஆறாததற்குப் பாதிக் காரணம் அந்த டிராம்.

ஆட்டத்துக்கு வருவோம். 20 நிமிடமாக மூன்று பகுதி. விசில் அடித்தால் கடிகாரமும் நிற்கும், அதனால் மொத்தம் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரு அணிக்கு ஆறு பேர்: மூன்று முன்வரிசை, இரண்டு தடுப்பு, ஒரு கோல்கீப்பர். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் ஓடும்போதே ஆட்கள் வேலி தாண்டி மாறுவார்கள். அது குழப்பமல்ல, அதுதான் முறை. முழு வேகத்தில் ஸ்கேட் செய்தால் அதற்கு மேல் கால் தாங்காது. பக் என்பது மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம், ஏறக்குறைய 170 கிராம் எடையுள்ள ரப்பர் வில்லை. துள்ளாமல் சறுக்குவதற்காக உறைய வைத்துத்தான் இறக்குவார்கள்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பக்கைக் கண்ணால் துரத்துவது. முடியாது. கோல்கீப்பர் எந்தப் பக்கம் உடலைத் திருப்புகிறார் என்று பாருங்கள். பக் அங்கேதான் இருக்கும். அடுத்து வலைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். நேராக அடித்து விழும் கோல் குறைவு. கோல்கீப்பரின் பார்வையை ஒருவர் மறைக்க, இன்னொருவர் மட்டையில் பட்டுத் திசை மாறி, அல்லது தட்டிவிட்டது திரும்பி வந்து விழுந்து, இப்படித்தான் பெரும்பாலும் உள்ளே போகும்.

விதிகளில் மூன்று போதும். ஆஃப்சைடு: எதிரணியின் முனையைப் பிரிக்கும் நீலக் கோட்டை பக் தாண்டுவதற்கு முன் தாக்குபவர் தாண்டக் கூடாது. ஐசிங்: நடுச் சிவப்புக் கோட்டுக்குப் பின்னாலிருந்து அடித்த பக் யார் மேலும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போனால் ஆட்டம் நின்று, அடித்த அணியின் முனைக்கே திரும்பி வரும், அவர்கள் ஆள் மாற்றவும் முடியாது. களைத்த ஐவர் தங்கள் வலைக்கு முன்னாலேயே சிக்கிக்கொள்வார்கள். கோல் விழும் வாய்ப்பு அப்போது கூடும், அதனால்தான் அரங்கம் திடீரென்று எழுந்து கத்தும். மூன்றாவது பவர்பிளே. கிரிக்கெட் பவர்பிளேயை மறந்துவிடுங்கள். இங்கே தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தளத்தோரத் தண்டனைப் பெட்டியில் உட்கார, எதிரணி கோல்கீப்பரை விட்டால் ஐந்துக்கு நான்கு என்று ஆடும்; கோல் விழுந்தால் அவர் வெளியே வரலாம். பெரிய தவறுக்கு ஐந்து நிமிடம், அப்போது எத்தனை கோல் விழுந்தாலும் உள்ளேதான்.

தொலைக்காட்சியில் பார்த்த குத்துச்சண்டையை எதிர்பார்க்காதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் அடித்துக்கொண்டால் வெளியேற்றுவதோடு அடுத்த ஆட்டமும் போச்சு. எல்லோரும் முகம் முழுக்க மறைக்கும் தலைக்கவசம் அணிந்திருப்பார்கள், கையால் குத்தினால் வலிப்பது குத்தியவருக்குத்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கிய அணி தன் கோல்கீப்பரையே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். அந்த வெறும் வலையில் எதிரணி ஒரு கோல் போட்டுவிடக் கூடும். ஆகவே மறுநாள் வெறும் ஸ்கோரை வைத்து "சுலபமாக ஜெயித்தார்கள்" என்று சொல்லாதீர்கள். கடைசி கோல் காலி வலையில் விழுந்ததா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே ஆய்வகத்தில் உங்கள் மதிப்பு ஏறும்.

டிக்கெட்: ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களுக்கான பீன்பாட் டிக்கெட்டைத் தன் டிக்கெட் அலுவலகம் வழியாக விற்கும். முதுகலை மாணவருக்கும் தகுதி உண்டா என்று டிசம்பரிலேயே கேளுங்கள். ஒரு டிக்கெட்டில் அன்றைய இரண்டு ஆட்டமும் அடங்கும். வெளியில் வாங்கினால் விலையில் கட்டணமும் சேர்ந்திருக்கும், மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஃபோன் திரையின் படத்தை அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். டிக்கெட்டின் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், படம் வாசலில் செல்லாது. கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இறுதிக்குத் தங்கள் அணி வராது என்று அரையிறுதி இரவே தெரிந்துவிடும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் விற்கும்போது விலை இறங்க வாய்ப்புண்டு. பி.யு.வும் பி.சி.யும் இறுதிக்கு வந்தால் அந்தக் கணக்குப் பலிக்காது.

இடத்தைப் பொறுத்தவரை, புரிந்துகொள்ள வேண்டுமானால் நடுக்கோட்டுக்கு நேராகக் கொஞ்சம் உயரத்தில். கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தால் மோதும் சத்தம் கேட்கும், எதிர்மூலையில் நடப்பது தெரியாது. கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருப்பார்கள், பக்கவாட்டில் கட்டியிருக்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஆட்டம் ஓடும்போது எழுந்து நடமாடக் கூடாது. விசில் அடிக்கும்வரை படிக்கட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

உடை. அரங்கம் குளிரும்தான், ஆனால் தெருவுக்கு முன் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு ஸ்வெட்டர் போதும். பிப்ரவரித் தெருவில் இரவு சுழியத்துக்குக் கீழே போகும். அடுக்கடுக்காகப் போடுங்கள், பெரிய குளிர்கோட்டை வைக்க மடியைத் தவிர வேறு இடமில்லை. நிறத்தில் மட்டும் கவனம். நான்கு அணியுமே ஏதோ ஒரு சிவப்பு! பி.யு. பளீர்ச் சிவப்பும் வெள்ளையும், பி.சி. அரக்கும் பொன்னும், ஹார்வர்ட் கருஞ்சிவப்பு, நார்த்ஈஸ்டர்ன் சிவப்பும் கறுப்பும். வீட்டில் கொடுத்தனுப்பிய அரக்கு ஸ்வெட்டரோடு பி.யு. மாணவர் பகுதியில் போய் நின்றால் பி.சி. ஆள் என்றே முடிவு கட்டுவார்கள். சந்தேகமிருந்தால் வெள்ளை.

ஆய்வகத்திலிருந்து நேராகப் போகாதீர்கள். டிடி கார்டனில் பணப்பை அளவுக்கு மேல் எந்தப் பையும் உள்ளே விடுவதில்லை, மடிக்கணினிப் பையோடு போனால் வாசலிலேயே திரும்ப வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சைவத்துக்கு பாப்கார்ன், பிரெட்ஸல், பீட்ஸா கிடைக்கும், விலைதான் தொண்டையில் நிற்கும். பீர் வாங்க 21 வயதுக்கான சான்று வேண்டும், நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை ஏற்காமல் போகலாம், பாஸ்போர்ட்தான் நிச்சயம். அதைக் கூட்டத்தில் தொலைத்தால் என்ன அலைச்சல் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கூச்சல் முரட்டுத்தனமாக இருக்கும். கோல் விழுந்ததும் எதிரணி கோல்கீப்பரைச் சுட்டி "சீவ், சீவ்" என்று கத்துவார்கள். சல்லடை என்று பொருள். பி.சி.யைப் பற்றி பி.யு. மாணவர்கள் கத்துவதை இங்கே எழுத முடியாது, அம்மாவோடு வீடியோ அழைப்பில் இருக்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள். உங்களையும் கத்தச் சொன்னால் சல்லடையோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வில்லங்கம் கேட்டீர்களே. ஆட்டம் பார்ப்பதில் எதுவும் இல்லை. ஜெயித்த பிறகு தளத்துக்குள் குதிப்பது, தெருவில் கம்பம் ஏறுவது, குடித்துவிட்டு வண்டி எடுப்பது, இதில்தான் இருக்கிறது. இங்கே பிறந்த மாணவருக்கு அது அபராதத்தோடு போகலாம். உங்களுக்கு வழக்கு நிற்காவிட்டாலும் கைதானதே பதிவாகும்; அடுத்த விசா விண்ணப்பம் அதைக் கேட்கும், குடித்து ஓட்டியதற்காகக் கைதானால் கையில் உள்ள விசாவையே ரத்து செய்கிறார்கள். கூட்டம் தெருவில் திரண்டால் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போங்கள்.

போகும் வழி: டிடி கார்டன் நார்த் ஸ்டேஷனுக்கு மேலேயே இருக்கிறது. உங்கள் பி வண்டி கவர்ன்மென்ட் சென்டரோடு நின்றுவிடும். அங்கே இறங்கி டி அல்லது ஈ வண்டி பிடியுங்கள், இல்லையென்றால் பத்து நிமிட நடை. திரும்பும்போது எல்லோரும் ஒரே படிக்கட்டில் இறங்குவார்கள். கோப்பை கொடுப்பதை இருந்து பார்த்துவிட்டு 20 நிமிடம் தாமதமாகக் கிளம்புங்கள், அல்லது கவர்ன்மென்ட் சென்டர் வரை நடந்துபோய் அங்கே புறப்படும் பி வண்டியில் ஏறுங்கள். உட்காரவே இடம் கிடைக்கும்.