டாக்டரிடம் முடியைப் பற்றிச் சொன்னீர்களா?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்தோம். அதற்குப் பிறகு தலைமுடியைப் பிடுங்கும் பழக்கம் வந்தது. பிடுங்கியதை வாயில் போட்டுக்கொள்கிறாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். உச்சியில் திட்டாகச் சொட்டை விழுந்துவிட்டது. இரண்டு மாதமாக நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். அடிக்கடி வாந்தி எடுக்கிறாள், இளைத்தும் போய்விட்டாள். குழந்தைகள் டாக்டர் பசிக்கு டானிக்கும் பூச்சி மருந்தும் கொடுத்தார். வாழைத்தண்டு கொடுத்தால் வயிற்றில் இருக்கும் முடி வெளியே வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. குழல் வைத்து உறிஞ்சுகிறவரிடம் போய்த் தொக்கம் எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். மனநல மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்னால், “பெண் பிள்ளையைப் பைத்தியம் என்று நாலு பேர் பேச வேண்டுமா?” என்று கணவர் கோபப்படுகிறார். என்ன செய்வது?
— பெயர் வெளியிட வேண்டாம், பெரம்பூர்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

டாக்டர் டானிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை முடி தின்கிறாள் என்று அவரிடம் சொன்னீர்களா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாப்பிட மாட்டேன் என்கிறாள், வாந்தி எடுக்கிறாள் என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் முதலில் பூச்சியையும் பசியின்மையையும்தான் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. “என் மகள் முடியைப் பிடுங்கித் தின்கிறாள், ஒரு வருடத்துக்கு மேலாகிறது” என்று சொல்லிவிட்டால் அவருடைய முகமே மாறும், கை உடனே பிள்ளையின் வயிற்றுக்குப் போகும்.

நாலு வாயில் வயிறு நிறைவது, வாந்தி, இளைப்பு, தலையில் சொட்டைத் திட்டு. இந்த நான்கும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால் இரைப்பையில் முடி உருண்டை சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. முடி பிடுங்குகிறவர்கள் எல்லோரும் அதைத் தின்பதில்லை. தின்கிறவர்கள் எல்லோருக்கும் உருண்டை சேர்வதும் இல்லை. ஆனால் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வாழைத்தண்டுக்கும் தொக்கத்துக்கும் பதில் தானாகக் கிடைத்துவிடும். முடி என்பது கெராட்டின் என்ற புரதம். நம் வயிற்று அமிலத்துக்கும் செரிமான நீர்களுக்கும் அது மசியாது. போதாக்குறைக்கு அது வழுக்கும். இரைப்பை சுருங்கிச் சுருங்கிச் சோற்றைக் கீழே தள்ளும்போது முடி மட்டும் பிடி கொடுக்காமல் மடிப்புகளில் தங்கிவிடுகிறது. குளியலறைச் சாக்கடை வாயில் முடி திரண்டு அழுக்கைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். முதலில் தங்கிய முடியில் அடுத்தது சிக்கும், அதில் சளியும் உணவும் ஒட்டும், மாதக்கணக்கில் இறுகும். கடைசியில் இரைப்பையின் அச்சிலேயே வார்த்தது போல ஒரு கட்டி. மருத்துவத்தில் இதற்கு ட்ரைக்கோபெசோவர் என்று பெயர். வெளியே எடுக்கும்போது கன்னங்கரேலென்று பளபளக்கும். தின்றது செம்பட்டை முடியாக இருந்தாலும் அமிலம் அதைக் கறுப்பாக்கிவிடும். சிக்கிய உணவு அழுகுவதால் நாற்றம் தாங்காது. பல் தேய்த்த பிறகும் உங்கள் மகளின் வாயில் ஒரு கெட்ட வாடை இருக்கிறதா? கவனித்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிலருக்கு இந்தக் கட்டியின் வால் சிறுகுடலுக்குள்ளும் நீண்டுவிடும். 1968-இல் இதற்கு ரபுன்செல் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். நீண்ட கூந்தலுக்குப் பேர்போன ஒரு ஜெர்மானியக் கதைப் பெண்ணின் பெயர் அது. நோய்க்கு இவ்வளவு அழகான பெயர் எதற்கு என்று எனக்கு எப்போதும் தோன்றும். இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் கோவையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வயிற்றிலிருந்து அறுவை சிகிச்சை செய்து அரைக் கிலோ முடியையும் காலி ஷாம்பூ பாக்கெட்டுகளையும் எடுத்த செய்தியை நீங்களும் படித்திருக்கலாம்.

இப்போது வாழைத்தண்டு. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வதுதான்: வாரம் ஒரு தரம் வாழைத்தண்டு சாப்பிட்டால் வயிற்றுக்குள் போன முடியை அதன் நார் சுற்றி எடுத்துவிடும் என்று. வாழைத்தண்டுக் கூட்டு எனக்கும் பிடிக்கும், நல்ல கறிதான். ஆனால் சேர்ந்து இறுகிய முடியை அது கரைக்காது, இழுத்தும் வராது. உருண்டை ஏற்கெனவே இருந்தால் இந்த நாரும் அதிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஸ்கேன் முடியும் வரை வேண்டாம். விளக்கெண்ணெய், பேதி மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

தொக்கம் விஷயத்தில் உங்கள் மாமியாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அவர் சொல்வது, இந்த ஒரு குழந்தை விஷயத்தில் சரியாகக்கூட இருக்கலாம்! ஆனால் குழலை வயிற்றின் மேல் வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து சோற்றுப் பருக்கையையும் முடிச் சுருளையும் துப்பிக் காட்டுகிறவர் எடுத்தது பிள்ளையின் வயிற்றிலிருந்து அல்ல. தோலைத் தாண்டி எதுவும் அப்படி வெளியே வராது. இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. “முடி வந்துவிட்டது, பாருங்கள்” என்று கண்ணால் கண்ட திருப்தியில் வீட்டார் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். “அத்தை, நீங்கள் சொன்னது போல வயிற்றில் முடி இருக்கிறதா என்றுதான் பார்க்கப் போகிறோம்” என்று சொல்லி அவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். வரிசையில் உட்காரத் துணையாகவும் இருக்கும்.

எங்கே போவது? எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவும் அங்கேயே இருக்கிறது. முதலில் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். ஸ்கேன் எடுப்பவரிடமும் முடி விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், உருண்டைக்குள் அடைபட்ட காற்றைச் சாதாரண வாயு என்று அவர் கடந்து போக வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன், நிச்சயப்படுத்த எண்டோஸ்கோப்பி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி என்று கண்டதைத் தின்னும் பிள்ளைகளிடம் ரத்தசோகை அடிக்கடி தென்படுகிறது, இவளுக்கும் இருக்கக்கூடும்.

உருண்டை பெரிதாக இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். இரைப்பையைத் திறந்து ஒரே கட்டியாக எடுத்துவிட்டுத் தைப்பார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அவ்வளவு பெரியது உணவுக்குழாய் வழியே வராது. துண்டு போட்டால் துண்டுகள் குடலில் இறங்கி அடைத்துக்கொள்ளும். கேட்கப் பயமாக இருந்தாலும், குழந்தைகள் இதிலிருந்து நன்றாகத் தேறிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால்தான் புண்ணாகி இரைப்பை ஓட்டையாவதும் குடல் அடைப்பதும் நடக்கும். ஆகவே பச்சை நிறத்தில் வாந்தி, நிற்காத வயிற்று வலி, வயிறு கல்லாக உப்புதல், மலம் கறுப்பாகப் போதல், காய்ச்சல் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வயிறு ஒரு பாதிதான். உருண்டையை எடுத்துவிட்டுப் பழக்கத்தை அப்படியே விட்டால் திரும்பச் சேரும். இரண்டாவது தடவை அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இது திமிர் அல்ல, அடம் அல்ல. முடி பிடுங்கும் இந்தக் கோளாறுக்கு 1889-இலேயே பிரான்ஸ் நாட்டுத் தோல் மருத்துவர் ஆலோப்போ பெயர் வைத்துவிட்டார்: ட்ரைக்கோட்டிலோமேனியா. பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்குள்தான் தொடங்குகிறது. உங்கள் மகள் பாடம் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். கை தலைக்குப் போகும். விரல்கள் ஒரு குறிப்பிட்ட முடியைத் தேடும். சொரசொரப்பான, தடித்த முடி. பிடுங்கியதும் அதை உதட்டில் தடவுவாள், வெள்ளை வேர்க்காலைப் பல்லால் நறுக்கென்று கடிப்பாள், பிறகு மீதியும் போய்விடும். பல நேரம் இவ்வளவும் நடப்பது அவளுக்கே தெரியாது. தெரியாமல் நடப்பதற்கு அடித்து என்ன பயன்? அடித்தால் கழிப்பறையிலும் போர்வைக்குள்ளும் நடக்கும், அவ்வளவுதான். வேப்பெண்ணெய் தடவுவது, கையில் சூடு போடுவது, நாலு பேர் முன்னால் சொட்டையைக் காட்டிச் சிரிப்பது எல்லாம் இதே ரகம். மொட்டை போடும் யோசனையும் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெண்ணை மொட்டைத் தலையோடு பள்ளிக்கு அனுப்புவது அவளுக்குத் தண்டனை. கை அப்போதும் புருவத்தையோ பொம்மை முடியையோ தேடிப் போகும்.

உதவுவது பழக்கத்தை மாற்றும் பயிற்சி. அமெரிக்க உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் 1973-இல் வகுத்த முறை. கை எழும்பும் நொடியைப் பிள்ளையே கண்டுகொள்ளப் பழகுவதும், அந்த நொடியில் கைக்கு வேறு வேலை கொடுப்பதும்தான் இதன் சாரம். முறைப்படி சொல்லித்தர உளவியல் நிபுணர் வேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: சாயங்காலம் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிவிடுங்கள். டிவி நேரத்தில் அவள் மடியில் உதிரி மல்லியும் நூலும் கொடுங்கள். பூக் கட்டும் விரல்கள் தலைக்குப் போகாது. கும்பகோணத்தை விட்டு வந்ததில் அவளுக்கு எது வலிக்கிறது என்றும் கேளுங்கள். தோழியா, பாட்டியா, புதிய பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா? கேட்டுவிட்டு அவள் பேசும் வரை நீங்கள் பேசாதீர்கள்.

உங்கள் கணவரின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது பயம். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சொல்லியே கேலி பேசும் ஊர் இது. அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனை 1794 முதல் எத்தனை பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு அங்கே போக வேண்டிய தேவைகூட இருக்காது. வயிற்றைப் பார்க்கும் டாக்டரிடமே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதித்தரச் சொல்லுங்கள், போதும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. உச்சியில் சொட்டையோடு பிள்ளை தினமும் பள்ளிக்குப் போய் வருகிறாள். ஊர் பேசும் என்றால் அதை இப்போதே பேசும். அவர் நேரில் வரத் தயங்கினால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசட்டும். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் அன்று காலையில் அவளுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றில் ஸ்கேன் தெளிவாகத் தெரியும். இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முடியைத் தின்கிறாயா என்று டாக்டர் கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். அப்போது அவளைப் பொய்க்காரி ஆக்காமல், அவளை மாமியாரோடு வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ச் சொல்லிவிடுங்கள்.