சொராரிட்டியில் சேர்ந்த மகளும் ஸ்பீச் தெரபி ஆசையும்

வணக்கம் அம்மா. ஒஹாயோவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் 'ஏதோ கிளப்பில்' சேர்ந்துவிட்டாள், படிப்பு என்னாகுமோ, விலகச் சொல்லலாமா என்று எழுதியிருந்தீர்கள். அவர் சேர்ந்திருப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி கிளப் இல்லை, சொராரிட்டி, அதாவது அமெரிக்கக் கல்லூரிகளில் இருக்கும் மாணவியர் சங்கம். கிரேக்க எழுத்தில் பெயர், சேரும்போது ஒரு சடங்கு, மூத்தவர் 'பிக்', புதியவர் 'லிட்டில்'. நம் ஊர் ஹாஸ்டலில் சீனியர் அக்கா ஜூனியரைப் பார்த்துக்கொள்வாரே, அதற்குச் சந்தாவும் சட்டதிட்டமும் சேர்த்தால் கிட்டத்தட்ட இதுதான். கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற கறுப்பின மாணவியர் சொராரிட்டியில் சேர்ந்தவர். அவருடைய அம்மா சியாமளா நம் சென்னையில் பிறந்தவர். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

மகள் சேர்ந்திருக்கும் டெல்டா ஸீட்டா 1902இல் அதே ஒஹாயோவில், மயாமி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1954 முதல் பேச்சும் செவித்திறனும் குன்றியவர்களுக்கு உதவுவதைத் தன் தொண்டாக வைத்திருக்கிறது. மகளுக்கோ ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சுப் பயிற்சி தருபவர், ஆக ஆசை என்கிறீர்கள். இந்தப் பொருத்தத்தை நீங்கள் கவனித்தீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

என் கவலை வேறு. அமெரிக்காவில் இளங்கலை மட்டும் முடித்து ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியாது. முதுகலை கட்டாயம், அதற்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். அங்கே முதலில் பார்ப்பது ஜிபிஏவை, அதாவது எல்லாப் பாடங்களுக்குமான சராசரி மதிப்பெண்ணை. தொழில்முறைச் சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேர கிளினிக் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி நேரம் தெரபிஸ்ட் வேலை செய்வதைக் கூட இருந்து கவனிப்பது, மீதி 375 தானே செய்வது. பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வு ஒன்றும் உண்டு. முதுகலைக்குப் பிறகு ஒருவர் மேற்பார்வையில் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் வேலை. அந்த 25 மணி நேரத்தை இளங்கலையிலேயே முடித்துவிடலாம். மகள் இந்த வருடமே தொடங்கட்டும். பள்ளியிலோ மருத்துவமனையிலோ தெரபிஸ்ட் யாரையாவது தேடிப் பிடிக்க வேண்டும். அந்தச் சொராரிட்டியில் படித்து முடித்த அக்காக்களில் ஒருவராவது இந்தத் துறையில் இருப்பார், அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். சந்தா கட்டுவதற்கு உருப்படியான பலன் அதுதான்.

இன்னொன்று. மகளுக்குத் தமிழ் நன்றாக வரும் என்கிறீர்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் குழந்தை தாமதமாகப் பேசினால், 'இரண்டு மொழியால்தான்' என்று பயந்து பெற்றோர் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் குறைபாடு வராது. அதைத் தமிழிலேயே எடுத்துச் சொல்லி, குழந்தையை இரண்டு மொழியிலும் சோதித்துப் பார்க்கத் தெரிந்த தெரபிஸ்ட்டுக்கு மதிப்பு உண்டு. முதுகலை விண்ணப்பக் கட்டுரையில் இதை அவர் தாராளமாக எழுதலாம்.

ரெஸ்யூமேயில் 'சொராரிட்டி உறுப்பினர்' என்று மட்டும் போட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். நிதி திரட்டும் விழாவை நடத்தினாரா? எத்தனை பேரை வைத்து, எவ்வளவு சேர்த்தார், கடைசி நேரத்தில் என்ன சொதப்பியது, எப்படிச் சமாளித்தார் என்று எழுதட்டும். ஒரே ஒரு பொறுப்பு போதும். நான்கு கமிட்டியில் பெயர் கொடுத்துவிட்டு உடற்கூறியல் பாடத்தில் சி வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பண விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு சந்தா, சொராரிட்டி வீட்டில் தங்குவது கட்டாயமா, விழா உடைக்குத் தனியாகச் செலவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராகிங்கை அங்கே 'ஹேசிங்' என்பார்கள். 2024 டிசம்பரில் வந்த சட்டப்படி, அப்படி விதி மீறிய அமைப்புகளின் பெயரைக் கல்லூரியே இணையத்தில் வெளியிட வேண்டும். மகளின் கல்லூரி வெளியிட்டதை எடுத்துப் பாருங்கள். தூங்க விடாமல் வேலை வாங்குவது, குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது என்று ஏதாவது காதில் விழுந்தால் ஜிபிஏ, ரெஸ்யூமே எல்லாம் அப்புறம். அன்றைக்கே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் விலகச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது 'எப்போது விலகுகிறாய்' என்று ஆரம்பிக்காமல், அந்த 25 மணி நேரத்தில் எத்தனை ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலையும் ஜிபிஏவையும் எனக்கு எழுதுங்கள், எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்ப்போம்.