கன்ஃபவுண்ட் என்றால் வெறும் குழப்புவதுதானா?

"கன்ஃபவுண்ட்" என்ற ஆங்கில வினைச்சொல்லும் "கன்ஃபியூஸ்" என்பதும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தீர்கள். பிறப்பால் ஒன்றுதான், இரண்டுக்கும் வேர் "சேர்த்து ஊற்று" என்று பொருள்படும் லத்தீன் சொல். நம் கலங்குதலும் கிட்டத்தட்ட அப்படித்தானே, தண்ணீரும் கலங்கும், மனசும் கலங்கும். ஆனால் புழக்கத்தில் பிரிந்துவிட்டன. வழி புரியாமல் விழித்தால் அது கன்ஃபியூஸ். பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்த நோயாளி எழுந்து நடந்தால், அவர் டாக்டர்களை கன்ஃபவுண்ட் செய்துவிட்டார், அதாவது கணிப்பைப் பொய்யாக்கித் திகைக்க வைத்துவிட்டார். இந்த மூக்குடைப்பு வாடைதான் முக்கியம், "குழப்பு" என்று ஒற்றை வார்த்தையில் மொழிபெயர்த்தால் அது காணாமல் போய்விடும்.

அப்புறம் புள்ளியியலில் வேறு கதை. காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு கணக்கு காட்டினால் உடனே காபியைத் திட்டாதீர்கள். அவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் அதிகமாக இருக்கலாம், அப்படியானால் சிகரெட்தான் அங்கே கன்ஃபவுண்டர், தன் பழியைக் காபி மேல் போட்டுவிடுகிறது.

"கன்ஃபவுண்ட் இட்!" என்பது பழைய காலத்து மிதமான வசவு, இப்போது யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும்.