பதினெட்டு வயதுக்குக் கீழே: தென்னாப்பிரிக்கச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

பேரன் கடையில் திருடிப் பிடிபட்டான். ஜெயிலா? (சாட்ஸ்வர்த்)

வயதைக் காணோம். எத்தனை முறை சொல்வது, வயது எழுதாவிட்டால் பாதிப் பதில்தான். 12க்குக் கீழே என்றால் வழக்கே போட முடியாது. 2022 ஆகஸ்ட் வரை அந்த வரம்பு 10. தண்டனை விதிக்கும் நாளில் 14 ஆகாத பிள்ளைக்குச் சிறைத் தண்டனை கிடையாது.

பழையபடி நாலு பிரம்படி கொடுத்தால் திருந்த மாட்டார்களா? (வெருலம்)

அரசியலமைப்பு நீதிமன்றம் 1995லேயே அதை ஒழித்துவிட்டது. அடுத்த கடிதம்.

எங்கள் தெருவில் வீடு புகுந்து திருடிய 15 வயதுப் பையனை ‘டைவர்ஷன்’ என்று சொல்லிச் சும்மா விட்டுவிட்டார்கள். இது நியாயமா? (ஃபீனிக்ஸ்)

சும்மா விடவில்லை, ஐயா. டைவர்ஷன் என்றால் வழக்கு விசாரணைக்குப் பதிலாகப் பிள்ளையைத் திருத்தும் வழி. யாரும் வற்புறுத்தாமல் அவனே தப்பை ஒப்புக்கொண்டால்தான் டைவர்ஷன். அதன்பின் பயிற்சி வகுப்பு, சமூக சேவை, நஷ்ட ஈடு என்று கோர்ட் எதையாவது விதிக்கும். வேண்டுமென்றே டிமிக்கி கொடுத்தால் வழக்கு மறுபடி விசாரணைக்குப் போகலாம். அங்கே அவன் முன்பு ஒப்புக்கொண்டதே அவனுக்கு எதிராகப் பதிவாகும். எனக்குக் கோபமெல்லாம் பெரியவர்கள் மேல்தான். “ஆமாம்னு சொல்லிடு, வீட்டுக்குப் போயிடலாம்” என்று, செய்யாத பிள்ளையையும் தலையாட்ட வைக்கிறார்கள். செய்த பிள்ளையோ இரண்டாவது வாரமே வகுப்புக்குப் போவதில்லை. அப்பாவுக்கு ஷிஃப்ட், பஸ்ஸுக்குக் காசில்லை. அந்தச் சிரமத்தை அன்றே புரொபேஷன் அதிகாரியிடம் (பிள்ளையின் வழக்கைக் கவனிக்கும் சமூக நல அதிகாரி) சொல்லுங்கள், நிபந்தனையை மாற்றக் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, வாரண்ட் வந்த பிறகு எனக்கு எழுதி என்ன பயன்?

16 வயதுப் பையன், கொலை வழக்கு. ஆயுள் தண்டனை வருமா? (லெனேசியா)

வராது. உச்சம் 25 வருடம். சட்டம் சொல்லும் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் செல்லாது என்று 2009லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சிறை கடைசி வழிதான், அதுவும் முடிந்தவரை குறைந்த காலத்துக்கு என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. தண்டனைக்கு முன் புரொபேஷன் அதிகாரி அறிக்கை தருவார். பள்ளி, வீடு, நட்பு எல்லாம் அதில் வரும். அவர் வரும்போது அலங்காரமாகப் பொய் சொல்லாதீர்கள்.

பிடிபட்ட பையனின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். தப்பா? (மெர்பேங்க்)

தப்பு. அவனுக்கு 18 ஆகவில்லையென்றால் நீங்களே குற்றவாளி ஆகிவிடலாம். உடனே படத்தை அழித்துவிடுங்கள்.

மகன் வக்கீல் வேண்டாம் என்கிறான். (வெருலம்)

சிறார் நீதிமன்றத்தில் வேண்டாமென்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. காசு இல்லையென்றால் லீகல் எய்டுக்கு (அரசின் இலவசச் சட்ட உதவி) போங்கள். போகும்போது பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், வயது, வயது!