நியூயார்க் மாநிலத்துக்குத் தனி விமானப்படை இருக்கிறதா? அது ஆளுநர் கையிலா, வாஷிங்டன் கையிலா?

இருக்கிறது. பெயர் நியூயார்க் ஏர் நேஷனல் கார்டு. நேஷனல் கார்டு என்பது மாநிலமும் மத்திய அரசும் பகிர்ந்துகொள்ளும், பெரும்பாலும் பகுதிநேர வீரர்களைக் கொண்ட படை. யார் கையில் என்பதற்கு மட்டும் ஒரே பதில் கிடையாது. அந்த வீரருக்கு அன்றைக்குக் கொடுத்த பணி ஆணையில் எந்தச் சட்டப்பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பனிப்புயல், வெள்ளம் என்று ஆளுநர் கூப்பிட்டால் அது ஸ்டேட் ஆக்டிவ் டியூட்டி. கட்டளை, சம்பளம் இரண்டும் மாநிலத்துடையவை. (அமெரிக்க ஆளுநர் தேர்தலில் ஜெயித்து வருபவர், நம்மூர் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பாருங்கள்.) டைட்டில் 32 (மத்தியச் சட்டத் தொகுப்பின் 32-ஆவது பகுதி) என்றால் கட்டளை ஆளுநரிடம், சம்பளம் வாஷிங்டனிலிருந்து, மாதாந்திரப் பயிற்சி எல்லாம் இதில்தான் நடக்கும். டைட்டில் 10 என்றால் இரண்டுமே மத்திய அரசிடம் போய்விடும். ஈராக், ஆப்கானிஸ்தான் போனவர்கள் இந்த வகை. ராணுவம் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது என்கிற 1878-ஆம் ஆண்டின் போஸி கோமிடாடஸ் சட்டம் டைட்டில் 10-இல் இருப்பவரைத்தான் கட்டும். மற்ற இரண்டையும் கட்டாது. கலவரம், பாதுகாப்புப் பணி என்று வரும்போது எந்தப் பிரிவில் அழைப்பது என்று இரு தரப்பும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

ஆளுநர் மறுத்தால்? 1980-களில் மத்திய அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சில ஆளுநர்கள் முரண்டு பிடித்தார்கள். வெளிநாட்டுப் பயிற்சியை இடம், நோக்கம் காட்டி ஆளுநர் தடுக்க முடியாது என்று 1986-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட்டது. மினசோட்டா ஆளுநர் பெர்பிச் வழக்குக்குப் போனார். 1990-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

இந்தப் பிரிவு விவகாரம் வீரர்களின் பையையும் கடிக்கும். ஸ்டேட் ஆக்டிவ் டியூட்டி நாட்கள் மத்திய ஓய்வூதியக் கணக்கில் சேராது. காயம்பட்டால் ஈடும் பொதுவாக மாநிலச் சட்டப்படிதான். விட்டுவந்த வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்கிற மத்தியச் சட்டப் பாதுகாப்பு இந்த வகைப் பணிக்கு 2021-இல்தான் வந்தது, அதுவும் 14 நாளுக்குக் குறையாத பணிக்குப் பொதுவாக. ஆணையின் முதல் பக்கத்தைப் படிக்காமல் கிளம்பிப் போகிறவர் பின்னால் அலைவார்.

வரலாற்றுக்கு வருகிறேன். ரேனல் போலிங் என்ற வழக்கறிஞர் 1915 நவம்பரில் நியூயார்க்கில் முதலாவது ஏரோ கம்பெனி என்ற கார்டு விமானப் பிரிவை அமைத்தார். மெக்சிகோ எல்லைப் பதற்றத்தின்போது 1916 ஜூலையில் அதை மத்தியப் பணிக்கு அழைத்தார்கள். ஆனால் லாங் ஐலண்டில் உள்ள மினியோலாவில் பயிற்சி எடுத்ததோடு சரி, எல்லைக்குப் போகவே இல்லை. முதல் உலகப்போரிலும் கார்டு விமானப் பிரிவுகளை அப்படியே அனுப்பாமல், ஆட்களைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். போலிங் 1918 மார்ச்சில் பிரான்சில் கொல்லப்பட்டார்; வாஷிங்டனில் இருந்த போலிங் விமானத் தளம் (2010 முதல் ஜாயின்ட் பேஸ் அனகோஸ்டியா-போலிங்) அவர் பெயர்தான். ஏர் நேஷனல் கார்டு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1947 செப்டம்பர் 18. அமெரிக்க விமானப்படை தனிப்படை ஆன நாளும் அதுவே.

இன்றைய அமைப்பில் ஐந்து விங்குகள், அதாவது பெரிய படைப்பிரிவுகள். நியூபர்க் அருகே ஸ்டூவர்ட் தளத்தில் 105-ஆவது, சி-17 சரக்கு விமானங்களோடு. லாங் ஐலண்டில் 106-ஆவது மீட்பு விங். நயாகரா ஃபால்ஸில் 107-ஆவதும் சிரக்யூஸில் 174-ஆவதும் எம்கியூ-9 ட்ரோன் ஓட்டுகின்றன. ஸ்கோஷியாவில் 109-ஆவது. இவை போக, ரோம் நகரில் (இத்தாலி அல்ல, நியூயார்க்கில் ஒரு ரோம் உண்டு) கிழக்கு வான் பாதுகாப்பு மையம். அங்கே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள், பயிற்சியின்போது டைட்டில் 32, நிஜமான வான் பாதுகாப்புப் பணி வந்ததும் டைட்டில் 10. மாற்றத்துக்கான ஆணை முன்கூட்டியே தயாராக இருக்கும்.

விங்குக்குக் கீழே பறத்தல், பராமரிப்பு, பணி ஆதரவு, மருத்துவம் என்று குரூப்புகள். அதற்குக் கீழே ஸ்குவாட்ரன்கள். மேலே மாநிலக் கார்டு படையின் தலைவரான அட்ஜுடன்ட் ஜெனரல், அவருக்கு மேல் ஆளுநர். விமானங்கள் மட்டும் மத்திய அரசின் சொத்து. பெரும்பாலானோர் பகுதிநேரம்: மாதம் ஒரு சனி ஞாயிறு, ஆண்டுக்கு 15 நாள். ஒரு வார இறுதி நான்கு பயிற்சிகளாகக் கணக்காவதால் ஆண்டுக்கு 48. அதோடு 15 நாள், உறுப்பினராக இருப்பதற்கே 15 என்று ஆண்டுக்கு 78 ஓய்வூதியப் புள்ளிகள். ஓய்வூதியத்துக்கு அந்த ஆண்டு செல்ல 50 போதும். அப்படி 20 ஆண்டுகள் வேண்டும்.

இவற்றில் 109-ஆவது விங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் பனிச்சறுக்குப் பலகை பொருத்திய எல்சி-130 விமானங்களை ஓட்டுவது இவர்கள் மட்டுமே. 1975-இல் கிரீன்லாந்தின் ரேடார் நிலையங்களுக்குச் சரக்கு கொண்டுபோகத் தொடங்கி, 1999-இல் கடற்படையிடமிருந்து அண்டார்டிகா வேலையை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அக்டோபரில்தான் மார்பகப் புற்றுநோய் கண்ட டாக்டர் ஜெரி நீல்சனைத் தென் துருவத்திலிருந்து கொண்டுவந்தார்கள். குளிர் மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் முக்கியப் பலகை சுமார் 20 அடி நீளம், மூக்குப் பலகை 10 அடி. துருவத்தில் இறங்கினால் எஞ்சினை அணைப்பதில்லை. அந்தக் குளிரில் திரும்பக் கிளம்பும் என்ற உத்தரவாதம் இல்லை. மிருதுவான பனி பலகையை இழுத்துப் பிடித்தால் விமானம் எழும்பும் வேகத்தை எட்டாது. எடையைக் குறைத்து மறுபடி ஓடிப் பார்க்க வேண்டும். முன்பு இதற்குப் பக்கவாட்டில் எட்டு ராக்கெட்டுகள் கட்டிக் கொளுத்துவார்கள். ராக்கெட் கையிருப்பு தீர்ந்துகொண்டு வந்தது. எட்டு இதழ் ப்ரொபெல்லருக்கு மாறியதில் அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது.